பந்தில் ஏறிய பெயர்

அந்தப் பந்தில் மச்சானின் பெயர் நேராக இருக்காது. முதல் எழுத்து ஒரு தோல்துண்டில் தொடங்கும், நடுவில் வரும் ‘ணி’யின் சுழி தையலைத் தாண்டி அடுத்த துண்டில் போய் விழும், கடைசி ‘ன்’னுக்கு வைத்த புள்ளி குட்டி வட்டமாகவே இருக்கும். இப்போது கண்ணை மூடினாலும் அந்த எழுத்துகள் எனக்குத் தெரிகின்றன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. மலாயாவில், லாபிஸ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாங்கள் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தோம். என் அக்காவைக் கட்டியவர் மச்சான். தோட்டத்துப் பந்தாட்டக் குழுவுக்கு அவர்தான் தலைவர். நான் கோல் காப்பவன். வட்டாரக் கோப்பையை வெல்லும் குழுவின் தலைவர், இறுதியாட்டப் பந்தில் தன் பெயரை எழுதவேண்டும் என்பது அங்கே வழக்கம். மச்சானுக்கோ எழுத்து வாசனையே கிடையாது. நாங்கள் அரையிறுதியில் வென்று வந்த அன்றே அக்கா சொல்லிவிட்டாள்: “அந்தப் பந்துல நீங்க ரேகை வைக்கக் கூடாது. பேர் எழுதணும்.”

“கப்பு வரட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றார் மச்சான்.

“வந்தப்புறம் பழக நேரம் ஏது?” என்றாள் அவள்.

தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள் அக்கா. தாளில் எழுதிப் பழகிவிட்டு உருண்டையில் எழுதினால் கை வழுக்கிவிடும் என்பது அவள் கணக்கு. ஆகவே வீட்டுக்குப் பின்னால் காய்த்துக் கிடந்த பம்பளிமாஸ்களைப் பறித்துவந்தாள். சீனர் மளிகைக்கடையில் தூரிகையும் மையும் வாங்கினாள். மச்சான் தரையில் உட்கார்ந்து, பழத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி எழுதுவார். பக்கத்து வீட்டார் வந்து சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த பழத்தை எடுப்பார். எங்கள் வீட்டில் அந்த நாள்களில் சாப்பிட்ட பம்பளிமாஸ் ஒவ்வொன்றின் தோலிலும் அவர் பெயர் இருந்தது.

சிகாமட் ஊரில் மழைக்குப் பிந்திய சேற்றுத் திடலில் நாங்கள் இறுதியாட்டத்தை வென்றோம். நான் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மச்சான் புல்லில் உட்கார்ந்து பெயரை எழுதினார். அக்கா தள்ளி நின்று ஒவ்வோர் எழுத்துக்கும் தலையசைத்தாள்.

சில ஆண்டுகள் கழித்து, வட்டாரப் பந்தாட்டச் சங்கத்துக்குப் புது மண்டபம் எழுந்தது. முன்பு வென்றவர்களின் பந்துகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதாக ஏற்பாடு. சங்கச் செயலாளர் நேர்மையான மனிதர். முன்பு எங்கள் தோட்டத்திலேயே சம்பளக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். வேறொரு தோட்டத்தார் கொண்டுவந்த பந்தில் யாரோ பிறகு எழுதிச் சேர்த்திருந்ததைக் கண்டு அதைத் திருப்பியனுப்பியவர். எங்கள் பந்தையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது அவன் கையெழுத்து இல்ல. சம்பளத்தன்னிக்கு அவன் கட்டைவிரல நானே பிடிச்சு மையில அழுத்தியிருக்கேன்” என்று சொல்லிவிட்டார். செய்தி தோட்டத்துக்கு வந்தது. பெயர் பொய் என்றால் வெற்றியும் பொய் என்று பேச எத்தனை நேரமாகும்? எங்கள் குழுவே தலைகுனிந்தது. அக்கா அன்று சாப்பிடவில்லை.

திறப்புவிழா நாளன்று எல்லாரும் கிளம்பிப் போனோம். செயலாளர் தாளும் பேனாவும் கொடுத்தார். மச்சான் எழுதினார். எழுத்துகள் நெளிந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து விழுந்தன. பந்தில் இருந்த பெயருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

“எழுதத் தெரிஞ்சவன் ஏன்பா சம்பளத்துக்கு ரேகை வச்ச?” என்று கேட்டார் செயலாளர்.

“சம்பளத்துக்கு ரேகை போதுங்க ஐயா. பந்துக்குத்தான் பேரு வேணும்.”

அப்போது அக்கா முன்னால் வந்தாள். “அவருக்குத் தாள்ல பழக்கமில்லீங்க. ஒரு பந்து குடுத்துப் பாருங்க.”

அன்று மாலை ஆட்டத்துக்கென்று ஒரு புதுப் பந்து மேசைமேல் இருந்தது. விழாப் பலகை எழுதிய தூரிகையும் மையும் பக்கத்திலேயே இருந்தன. மச்சான் அத்தனை பேர் நடுவிலும் தரையில் உட்கார்ந்து, பந்தை முழங்கால்களுக்கு இடையே இடுக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டார். சுழி தையலைத் தாண்டியது. குட்டி வட்டம் விழுந்தது. செயலாளர் இரண்டு பந்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார். பிறகு பழைய பந்தை இரு கைகளாலும் தூக்கி, அதில் இருந்த பெயரை மண்டபமே கேட்கும்படி முழுதாக வாசித்தார். “இவர் எழுதினதுதான்” என்றார். அதுவரை ‘அவன்’ என்றவர் அவர். கைதட்டல் ஓய்வதற்குள் பந்து கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிவிட்டது. அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

புதுப் பந்தையும் பத்திரப்படுத்தலாம் என்றார் செயலாளர். “அது வெளையாடற பந்துங்க” என்று சொல்லி மச்சான் வாங்கிக்கொண்டார். அந்த மாலை பட்டணத்துக் குழுவை எதிர்த்து அதே பந்தில்தான் ஆடினோம். பிறகு வந்த ஜப்பானியர் போரோடு அந்த மண்டபம் போயிற்று. இன்று அந்த இடத்தில் கடைவரிசை நிற்கிறது. ஆனால் அன்றைக்கு நான் ஒரு கோலும் விடவில்லை. ஆட்டம் முடிந்தபோது பந்தில் மச்சானின் பெயர் இல்லை. என் இரண்டு உள்ளங்கைகளிலும் கறுப்பாக ஒட்டியிருந்தது.