அத்தையின் இரண்டாவது தாள்

என் குரலைப் பற்றி எனக்குச் சின்ன வயதிலேயே தலைக்கனம் உண்டு. குன்னூருக்குக் கீழே எங்கள் எஸ்டேட் சபையில் மைக் கிடையாது. பத்து வயதில் எனக்கு அது தேவைப்படவும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், மலாவியில் மிஷனரி நர்ஸாக இருந்த அத்தையின் கடிதத்தை நான்தான் வாசிப்பேன்.

அத்தை ஒரே உறையில் இரண்டு தாள் வைப்பார். வெள்ளைத் தாள் சபைக்கு. பிரசவம் பார்த்தது, கட்டிலடியில் பாம்பு வந்தது, ஞானஸ்நானம் நடந்தது எல்லாம் அதில் இருக்கும். இன்னொன்று வீட்டுக்கு. அதை அப்பாவும் அம்மாவும் மட்டும் படிப்பார்கள். படித்தபின் இரண்டு நாளைக்கு வீட்டில் பேச்சே இருக்காது. சபைத் தாளை எடுத்து என் பைபிளுக்குள் வைத்துத் தருவது அம்மாவின் வேலை.

அப்பா எஸ்டேட் ஆபீஸில் வெறும் கிளார்க். சபையிலோ அவர் மிஷனரியின் அண்ணன். முன்வரிசையில் உட்கார்ந்து, பாம்பு வரும் இடத்தில் தானே அடித்துக் கொன்றதுபோல நிமிர்ந்துகொள்வார். அம்மா ஃபேக்டரியில் தேயிலைத்தூள் தரம் பிரிக்கிறவர். அவர் எப்போதும் பின்வரிசைதான்.

அந்த ஞாயிறு பைபிளைத் திறந்தால் நீலத் தாள். வெள்ளைத் தாள் தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். ‘அன்புள்ள அண்ணா’ என்று தொடங்கியது. அதற்கெல்லாம் நிறுத்துகிற ஆளா நான்? கணீரென்று வாசித்தேன்.

“அண்ணா, என்னால் முடியவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. ஊசி போடக் கை நடுங்குகிறது. வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று இதோடு ஐந்து முறை எழுதிவிட்டேன். சபை என்ன சொல்லும் என்றே நீங்கள் பதில் போடுகிறீர்கள்.”

அப்பா எழுந்து வந்து தாளைப் பிடுங்குவதற்குள், கடைசி வரியையும் முடித்துவிட்டேன். வாசிப்பை நடுவில் விடுவது எனக்குப் பிடிக்காது.

கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாள் எழுந்தார். “ஏனுங்க, அந்தப் புள்ளய வரச் சொல்லிப்போடுங்க. சீக்கோட அங்க கெடந்து எதுக்குங்க அழுகோணும்?”

பாதிரியார் தலையசைத்தார். சபை முழுக்க அப்பாவையே பார்த்தது. “எழுதிடறனுங்க,” என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் அவர் அம்மாவிடம் பாய்ந்தார். “எந்தத் தாளுன்னு பாத்துக் குடுக்க மாட்டயா?”

“மாறிப்போச்சுங்க,” என்றபடி அம்மா அரிசியைக் களைந்துகொண்டிருந்தார். எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. யாருக்கும் தவறுவதுதானே என்று அவருக்காக அப்பாவிடம் வாதாடினேன். அதற்கு எனக்கும் திட்டு விழுந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அத்தை வந்துவிட்டார். எலும்பும் தோலுமாக இருந்தார். வந்தவர் என்னைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி, நேரே அடுப்படிக்குப் போய் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். எனக்கு ஆத்திரமாக வந்தது. தொண்டை கிழிய வாசித்தது நான். தாளை மாற்றிக் கொடுத்தவருக்கா இந்த மரியாதை?

விரலில் தேய்த்தே தூளின் தரம் சொல்கிறவருக்கு, நீலமும் வெள்ளையும் எப்படி மாறிப்போகும் என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.