தீர்த்தம்மாள் வாங்கிய வலைக்கூடை

பாப்பாரப்பட்டி போகும் வண்டிப்பாதையில் ஒரு சிற்றூரில் பணியாரக் கடை வைத்திருந்தவள் தீர்த்தம்மாள். புருஷன் செத்த மறுமாதமே அடுப்பு மூட்டியவள். யாரிடமும் போய்க் கையேந்தியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் ஊர்ப் பஞ்சாயத்து போர்டு ஓர் உத்தரவு போட்டது. பலகாரத்தில் ஈ மொய்த்தால் கடையைச் சாத்த வேண்டுமாம். ஊர்க் குப்பையை எல்லாம் அவள் கடைக்கு எதிரே மலையாகக் குவித்து வைத்ததும் அதே போர்டுதான். 'குப்பையை அள்ளுங்க' என்று அவள் நடையாய் நடந்தபோது காதில் போட்டுக்கொள்ளாத மகராசர்கள், தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கூட்டம், சிறு கடைக்கு உதவி என்று மேளதாளத்தோடு வந்து, தட்டை மூட ஒரு கம்பிவலைக் கூடையைக் கொடுத்தார்கள். தலைவருக்கு மாலை வேறு! தீர்த்தம்மாள் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். அவள் திறந்த தட்டின்மேல் முறத்தை வீசி ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"போர்டு குடுத்த கூடை எங்கம்மா?"

அவள் முறத்தை எதிரே நீட்டினாள். குப்பைமேட்டின் உச்சியில் கூடை கவிழ்ந்திருந்தது.

"ஈக்குப் பொறந்த வூடு அதுதானுங்க. அங்கயே மூடி வெச்சிருக்கேன். பத்தலைன்னா, இன்னும் பெருசா ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க."