ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் கிணற்று இளவரசியும்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடமாக ஊரையே மேலே ஏற்றி அனுப்பிவிட்டு, தான் மட்டும் தரைத்தளத்தில் குடியிருக்கிறார். மெஷினோடு வரும் கையேட்டைத் தவிர வேறு புத்தகத்தைத் தொட்டதில்லை. அதையும் ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி சொல்லிக்கொள்வார்.

அக்கா புத்தகப் பைத்தியம். கல்யாணமான புதிதில், அவளுக்குப் பிடித்த டிராகன் நாவல்களைத் தொடராக எடுத்து டிவியில் போட்டார்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த ஒரே சமாச்சாரம் அதுதான். முதல் இரண்டு நாவலோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். இளவரசி கிணற்றுக்குள்ளே, டிராகன் மேலே. மூன்றாவது நாவலை அக்கா வாங்கிவந்த அன்றே மாமா கறாராகச் சொன்னார்: "முடிவ எங்கிட்ட சொல்லிடாத. மூணாவது சீசன் வரும்."

பதினெட்டு வருடம் ஆயிற்று. எந்த சீசனும் வரவில்லை.

போன வருடம் அக்காவுக்குப் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரம் மட்டும்தான் தெரியும். எதிரில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமானால் முகத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும். படிப்பு நின்றது, பேச்சும் குறைந்தது. இப்படியே ஒடுங்கிப்போய்விடுவாளோ என்று பயந்தேன். மாமா பழைய தொடரை எங்கேயோ தேடிப்பிடித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளை டிவி முன்னால் உட்காரவைத்தார்.

"எனக்குத்தான் படம் தெரியாதே."

"நான் சொல்றேன்."

சொன்னார்.

"டிராகன் இறங்குது. இடது றெக்கை சரியா மடங்கல. ஆட்டம் இருக்கு. கோட்டைக் கதவு மூட மாட்டேங்குது, நடுவுல ஏதோ தடுக்குது."

"என்ன தடுக்குது?"

"ராஜா."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. "இளவரசி முகம் எப்படி இருக்கு?" என்றாள். மாமா திரையருகே போய் உற்றுப் பார்த்தார்.

"ஓவர்லோட்."

அக்கா தலையாட்டினாள். புரிந்துவிட்டதாம்.

பதினாறு ஞாயிறு இப்படியே ஓடியது. மறுபடியும் அதே கிணறு, திரை கறுத்தது. மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆள் உள்ள மாட்டிக்கிட்டிருக்கு, வேலைய நிறுத்திட்டுப் போயிட்டானுங்க! எங்க வேலையில இப்படிச் செஞ்சா சீட்டக் கிழிச்சுடுவாங்க. சரி, நீயே சொல்லு. வெளிய வந்தாளா இல்லையா?"

"தெரியாதுங்க."

"நீதான் படிச்சவளாச்சே?"

"மூணாவதப் படிக்கல. சீசன் வரும்னு சொன்னீங்கல்ல? சேர்ந்து பாத்துட்டுப் படிக்கலாம்னு எடுத்து வெச்சேன்."

அலமாரியில் இருந்தது, கடையில் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். மாமா போய் எடுத்துவந்தார். "கொடுங்க மாமா, நான் படிக்கிறேன்" என்று கையை நீட்டினேன். அவர் தரவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் உறையைக் கிழித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரலை ஓட்டி, பதிப்பகத்தின் முகவரியிலிருந்து ஆரம்பித்தார்.

"அதெல்லாம் வேண்டாங்க. கதைக்கு வாங்க."

"ஒரு வரிய விட்டா அப்புறம் எங்கயாவது நின்னுடும்."

சாயங்காலம்வரை நான்கு பக்கம்தான் ஓடியது. இளவரசி இன்னும் கிணற்றில்தான் இருந்தாள். அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள், அவரைப் பார்ப்பதற்காக.