படப்பையில் நான்கு மீட்டர்

காலை 6.50, குரோம்பேட்டை ஸ்டேஷன். கையில் ஐந்து ரூபாய் டிக்கெட், தோளில் ஏழு கிலோ பை. பைக்குள் எடை பார்க்கும் மெஷின், கைப்பிடியின் பலம் அளக்கும் கருவி, பிபி கருவி, ஸ்டாப்வாட்ச், மஞ்சள் டேப் ஒரு சுருள், ஒரு கட்டுப் படிவங்கள். இமயமலைக்குப் போகிறவர்கள்கூட இவ்வளவு யோசித்து மூட்டை கட்டியிருக்க மாட்டார்கள். நான் போனது படப்பைக்கும் குன்றத்தூருக்கும். போகவர எழுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும்.

அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் எப்படி நடக்கிறார்கள், நாற்காலியிலிருந்து எப்படி எழுகிறார்கள், கையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. வீடு தேடிப் போய் ஒருமுறை அளக்க வேண்டும். பதினெட்டு மாதம் கழித்து அதே வீட்டில் மறுபடி அளக்க வேண்டும். "வயசானவங்களுக்கு ஓட்டப்பந்தயம் வைக்கிறவ" என்று ரூம் தோழி கிண்டல் செய்வாள். ஓட்டம் இல்லை, நடைதான். தரையில் நான்கு மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு டேப் ஒட்டி, வழக்கமாக நடக்கிற வேகத்தில் நடக்கச் சொல்வேன். ஐந்து விநாடிக்குள் கடந்தால் கவலை இல்லை. அதற்கு மேல் போனால் படிவத்தில் சிவப்புக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். முடிவு ஒரு கடிதமாக அவர்கள் வீட்டுக்கே போகும்.

7.05. தாம்பரம். மேற்குப் பக்கம் இறங்கி, முடிச்சூர் வழியாகப் படப்பை போகும் பஸ். பதினான்கு கிலோமீட்டர், சாதாரண பஸ் என்பதால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மண்ணிவாக்கம் தாண்டியதும் ஒரகடம் கம்பெனி பஸ்கள் வரிசையாக முந்திக்கொண்டு போயின. ஜன்னல்தோறும் தூங்கிக்கொண்டிருக்கும் தலைகள். எல்லோருக்கும் என் வயதுதான்.

8.30. படப்பை பஜாருக்குப் பின்னால் மூன்றாவது தெரு. திலகவதி அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் தைத்த சட்டைகளை இருபத்திரண்டு வருடம் சரிபார்த்தவர். சென்ற முறை வந்தபோது கணவர் தேவராஜும் இருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துவிட்டது. அவரையும் அளந்தேன். கைத்தடி பிடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, வலது கையை மனைவியின் இடது தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். பதினொரு விநாடி. அம்மா தனியாக நடந்தபோது 4.1.

அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறதாம். எனக்கு வாசலில்தான் தெரிந்தது. செருப்பைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன்.

"உள்ள வா கண்ணு. நீ வர மாசம்னு எனக்கு ஞாபகம் கீது. காலண்டர்ல போட்டு வெச்சிருக்கேன்."

ஹாலில் என் மஞ்சள் டேப் அப்படியே இருந்தது. வேலை முடிந்ததும் உரித்து எடுத்துவர வேண்டும் என்பது விதி. அன்று பஸ் பிடிக்கிற அவசரத்தில் விட்டுப் போயிருக்கிறேன். ஓரங்கள் கறுத்து, நடு மட்டும் மஞ்சளாக இருந்தது. நல்லதாய்ப் போயிற்று, மறுபடி அளந்து ஒட்ட வேண்டாம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கைப்பிடி நன்றாக இருந்தது. ஐந்து முறை எழுந்து உட்கார்ந்ததும் பிரமாதம். பிறகு நடை. கோட்டில் நின்று சேலையைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டார். மெதுவாக, ரொம்ப மெதுவாக. இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. இரண்டு முறை நடக்கச் சொன்னேன், இரண்டும் ஒன்றுபோலத்தான்.

"எவ்ளோ?"

"ஏழு புள்ளி ஒண்ணும்மா."

அவர் முகம் அப்படி மலரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஏழா! நெஜமாவா?" என்று சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்: எனக்குள்ளும் ஒரு துள்ளல். 4.1 இருந்தவர் துணையை இழந்த எட்டே மாதத்தில் 7.1. என் ஆய்வின் நான்காம் அத்தியாயம் இந்த ஹாலிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன். சிவப்புக் கட்டத்தில் டிக் அடித்தேன்.

அப்போது போன். புனேயில் இருக்கும் மகன் பிரபு. ஸ்பீக்கரில் போட்டார்.

"டெஸ்ட் எடுத்தாச்சாம்மா? நல்லா இல்லைன்னு லெட்டர் வந்துச்சுன்னா பேச்சே கிடையாது, வூட்ட வாடகைக்கு விட்டுட்டு என்கூட வந்துடு. தனியா விழுந்து கெடந்தா யாரு பாக்கறது? நீதான ஒத்துகினு இருக்க?"

"ஒத்துகினேன், ஒத்துகினேன். போன வைடா, பாப்பா காத்துகினு இருக்கு."

வைத்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாஸ் பண்ணா இங்கியே இருக்கலாம்னு பந்தயம். நாந்தான் பாஸ் ஆயிட்டனே."

படிவத்தை மூடினேன். சிவப்பு டிக் இன்னும் ஈரமாக இருந்தது. ஏழு என்றால் சிவப்பு என்று சொல்லாமலே பையைக் கட்டினேன்.

10.15. அன்று கிருத்திகை. அம்மா குன்றத்தூர் மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்; எனக்கும் குன்றத்தூரில் ஒரு வீடு பாக்கி, சேர்ந்தே புறப்பட்டோம். மணிமங்கலம் வரை ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய், அங்கிருந்து சோமங்கலத்துக்கு இன்னொன்றில் இருபது. ஏரிக்கரையோரம் ஆட்டோ குதித்துக் குதித்துப் போனது. சோமங்கலத்தில் இறங்கினால், நிறுத்தத்தில் குன்றத்தூர் பஸ் நகரத் தொடங்கிவிட்டது.

"புடி கண்ணு!" என்றார் அம்மா. அவ்வளவுதான். சேலைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, இரண்டு பைக்குகளுக்கு நடுவே புகுந்து, பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டி நிறுத்தி ஏறிவிட்டார். ஏழு கிலோவோடு நான் மூச்சிரைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

"ஆயாவுக்காக நிறுத்துனா, ஆயா உள்ள உக்காந்துகினு இருக்கு, பொண்ணு பின்னாடி வருது!" என்றார் கண்டக்டர்.

"யாருடா ஆயா? ஆறு இருபது ட்ரெயின இருபத்திரண்டு வருஷம் ஓடிப் புடிச்சவ நானு. நீ அப்ப பொறந்தே இருக்க மாட்ட."

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹாலில் நான்கு மீட்டரைக் கடக்க ஏழு விநாடி எடுத்தவர் இவர்தானா?

"அம்மா, வீட்ல ஏன் அவ்வளவு மெதுவா நடந்தீங்க?"

"மெதுவாவா? ஏழுன்னியே." அவர் குழம்பிப் போனார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சென்ற முறை நான் போனதும் தேவராஜுக்குப் பதினொரு விநாடி என்பது மானப் பிரச்சினையாகிவிட்டதாம். அடுத்த முறை பாப்பா வரும்போது ஏழில் வந்து காட்டுகிறேன் என்று சபதம். தினமும் காலை டீ முடிந்ததும் டேப்பிலிருந்து டேப்புக்கு, அவர் கை இவர் தோளில். இவர்தான் சுவர்க்கடிகாரம் பார்த்து எண்ணுவார். பத்து மாதம்.

"ஒம்பதரை வரைக்கும் வந்துட்டாரு கண்ணு. நான் கொஞ்சம் வேகமா வெச்சா 'ஏமாத்தாதடி, என் கால்ல நடக்கணும்'னு கத்துவாரு. அந்தக் கோட்டுல நின்னா இப்பவும் கால் தானா அப்டித்தான் போவுது. இன்னிக்கு ஏழு வந்துச்சா, அவரு கேட்டதக் குடுத்தாப்பல இருந்துச்சு."

என் நான்காம் அத்தியாயம் சோமங்கலத்துக்கும் குன்றத்தூருக்கும் நடுவில் எங்கேயோ ஜன்னல் வழியாக விழுந்துவிட்டது. நான் அளந்தது திலகவதி அம்மாவின் நடையை அல்ல. இறந்துபோன ஒருவரின் நடையை.

கடிதத்தில் சிவப்பு வரும் என்று அப்போதுதான் சொன்னேன். ஏழு என்பது அவர் வைத்துக்கொண்ட இலக்கு, கடிதத்துக்கு ஐந்துக்குள் வர வேண்டும் என்றேன். அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார், திறந்து மூடினார்.

"அப்ப புனேயா?"

11.50. குன்றத்தூர். எண்பத்து நான்கு படி. கிருத்திகைக் கூட்டம், தேங்காய் நார், சூடத்து வாசம். நிற்காமல் ஏறினார். இந்தச் சந்நிதியில் ஒரு விசேஷம் உண்டு: ஒரு பக்கம் நின்றால் முருகனோடு வள்ளி மட்டும் தெரிவாள், மறுபக்கம் நின்றால் தெய்வானை மட்டும். அம்மா ஒரே பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார். "அந்தப் பக்கமும் பாத்துட்டு வாங்கம்மா" என்றேன். "அது அவரு நிக்கற பக்கம்" என்றார்.

உச்சியிலிருந்து என் ஆய்வு வழிகாட்டிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"டேப்பை ஏம்மா விட்டுட்டு வந்த?" என்பதுதான் முதல் கேள்வி. திட்டு முடிந்ததும் சொன்னார்: "நமக்கு வேண்டியது அவங்களோட வழக்கமான வேகம். மறுபடி எடு. ஆனா ரோட்ல எடுக்கக் கூடாது, வீட்லதான் எடுக்கணும். ரெண்டு அளவையும் எழுது, காரணத்தையும் எழுது."

குன்றத்தூரில் நான் பார்க்க வேண்டியவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், வீடு பூட்டு. ஆளுக்கு இரண்டு இட்லி தின்றுவிட்டு வந்த வழியே திரும்பினோம். 

3.40. மறுபடி படப்பை. அந்த வீட்டில் நான்கு மீட்டர் நேராக நடக்க ஹாலை விட்டால் வேறு இடம் இல்லை. வாசலிலிருந்து சமையலறை வரை, அதே டேப்.

"உரிச்சுடட்டுமாம்மா? பக்கத்துல புதுசு ஒட்டறேன்."

"அதத் தொடாத." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பிறகு மெதுவாக, "இருக்கட்டும் கண்ணு. அதுலயே நடக்கறேன்" என்றார்.

கோட்டில் நின்றார். இடது தோள் தானாகத் தாழ்ந்தது. அவரே கவனித்து, வலது கையால் அந்தத் தோளை ஒருமுறை துடைப்பது போலத் தடவி நிமிர்த்தினார்.

"பஸ் ஸ்டாப்புக்குப் போற மாதிரி, உங்க நடையில" என்றேன்.

நடந்தார். சேலை சரசரத்தது. ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்: 3.9.

"அம்மா, மூணு புள்ளி ஒம்போது!" என்று கத்தியே விட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கோட்டைத் தாண்டி நின்று திரும்பி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவர் வந்து சேர வேண்டியிருப்பது போல. சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நின்ற நேரத்தை நான் அளக்கவில்லை.

இரண்டாவது முறையும் நடக்க வேண்டும் என்பது விதி. 3.8. அப்போதும் திரும்பிப் பார்த்தார்.

பிரபுவுக்கு அவரே போன் போட்டார். எண்ணை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார் மகன். "சரிம்மா. பந்தயம் பந்தயம்தான். இங்கியே இரு. ஆனா டெய்லி நைட்டு போன் பண்ணணும்."

"பண்றன்டா. நீ எடுக்கறியா பாரு முதல்ல."

படிவத்தில் எழுதினேன். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இது என்னுது. காலைல நடந்த ஏழு?"

"அதுவும் இருக்கும்மா. குறிப்புல எழுதியிருக்கேன். அழிக்கலை."

"அவரு பேரு போட்டியா?"

படிவத்தில் பெயர் எழுதக் கூடாது, ஆளுக்கொரு ஆய்வு எண் மட்டும்தான். தேவராஜின் பழைய எண்ணைத் தேடி எடுத்து அந்தக் குறிப்பின் பக்கத்தில் எழுதினேன். இதுதான் அவர் என்று காட்டினேன். விரலை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு டீ போடப் போனார்.

5.30. தாம்பரம் பஸ். நாகர்கோவிலுக்குப் போன் செய்து அப்பாவிடம் கேட்டேன்: "நீங்களும் அம்மாவும் மார்க்கெட்டுக்குப் போனா யார் முன்னாடி நடப்பீங்க?"

"இது என்னட்டி கேள்வி? அவதான். நான் எங்க போய் எட்டிப் பிடிக்க?" என்றார். "ஆனா தெரு முக்குல நின்னுகிட்டிருப்பா."

இருபத்தாறு வருடம் அந்த வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. ஊரான் வீட்டு நடையையெல்லாம் விநாடிக்கணக்கில் வைத்திருக்கிறேன்.

6.40. தாம்பரம் ஸ்டேஷன். குரோம்பேட்டைக்கு மறுபடி ஐந்து ரூபாய். நடைமேடையில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். அவசரமில்லாமல் நடந்தேன், ட்ரெயினை விட்டேன், அடுத்ததில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்ததும் படிவத்தைச் சரிபார்த்தேன். கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, வழக்கமாக நான் படிக்காமலே டிக் அடிக்கும் வரி: தரையில் ஒட்டிய டேப் அகற்றப்பட்டதா?

இல்லை என்று எழுதினேன்.