மூன்றாம் கிரேடும் இரவல் பென்சிலும்

இன்று காலை கண்டியில் மூன்றாம் கிரேட் இசைக் கோட்பாட்டுப் பரீட்சை எழுதினேன். வயது எழுபத்து மூன்று.

வாசலில் மேற்பார்வையாளர், "பேரன்ட்ஸ் வெளியில இருங்கம்மா" என்றார். அனுமதி அட்டையை நீட்டினேன். இரண்டு முறை வாசித்துவிட்டு வழிவிட்டார்.

பக்கத்து மேசையில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கூனி உட்கார்ந்திருந்தாள். "நிமிர்ந்து உட்காருங்க மகள்" என்றேன். நான் கொன்வென்ட்டில் படித்தவள், சும்மா இருக்க வராது.

அப்போதுதான் பென்சிலால் மட்டுமே எழுதலாம் என்று அறிவித்தார்கள். என்னிடம் இருந்ததோ, காலஞ்சென்ற கணவரின் மைப்பேனா.

சிறுமியிடம் சீவிய பென்சில்கள் மூன்று இருந்தன.

"ஒண்ணு தாங்க மகள்."

"ப்ளீஸ் சொல்லுங்க பாட்டி."

சொன்னேன்.

"ரப்பர் வேணாமா?"

"நான் பிழை விடுறதில்ல."

இரண்டாம் கேள்வியிலேயே, மூன்று தாளத் தட்டு வர வேண்டிய இடத்தில் நான்கு போட்டுவிட்டேன். எச்சிலைத் தொட்டு விரலால் தேய்த்தேன். தாள் கறுத்தது.

என் மேசை ஓரத்துக்கு ஒரு ரப்பர் மெதுவாக நகர்ந்து வந்தது. அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பாதி தேய்ந்த பிறகே திருப்பிக் கொடுத்தேன்.

பாஸானால் என் திறமை. தவறினால் பென்சில் சரியில்லை. இதைவிட நல்ல சாக்கு வைத்திருப்பவர்கள் கீழே எழுதுங்கள், ப்ளீஸ்.