பௌர்ணமிக்குத் தாங்குமா?

சென்னை வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கே திரும்பி வந்த எனக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர், கோயிலுக்குப் பக்கத்தில் லாட்ஜ் நடத்தும் ஒரு அக்கா. அறைப் பதிவுக்கு மென்பொருள் கேட்டார். நான் சும்மா இருந்தேனா? பெரிய கம்பெனியில் கற்ற வித்தையை எல்லாம் இறக்கினேன். எங்கோ தூரதேசத்தில் சர்வர், ஒன்றை ஒன்று கேட்டுக்கேட்டு நகரும் ஏழெட்டு நிரல்கள். அத்தனையும் ஒரு சின்ன லாட்ஜுக்கு! சாதாரண நாட்களில் பறந்தது.

பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டம் இறங்கியதும் ஊரில் செல்போன் சிக்னல் படுத்துவிடும். "தொலைஞ்சு போனா ராஜகோபுரத்துக்கு எதிர்ல நில்லுங்க, போன் கிடைக்காது" என்று வெளியூர்ச் சொந்தங்களுக்கு வருஷா வருஷம் பாடம் எடுப்பவளே நான்தான். லாட்ஜுக்கும் இணையம் வந்தது சிம் போட்ட ஒரு டப்பா வழியாகத்தான். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தடுமாற்றத்தில் ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஐயோ, அந்தச் சத்தம்!

"அடுத்த பௌர்ணமிக்கும் இப்டி நின்னுச்சுனா, நீயே எடுத்துட்டு போயிடும்மா" என்றார் அக்கா. அவரே கைவிட்டால் ஊரில் வேறு யார் என்னை நம்புவார்கள்? மறுபடி சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். வரவேற்பு மேசைக் கணினிக்குள்ளேயே ஓடும் ஒரே நிரல், ஒரே திரை. காலி அறை பச்சை, ஆள் இருந்தால் சிவப்பு. இணையமே வேண்டாம். இதே தொழிலில் இருக்கும் என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்னாது இது, காலேஜ் ப்ராஜெக்டா?"

"வாய மூடிக்கினு போய் காபி போடுங்க."

அடுத்த பௌர்ணமி சாயங்காலம் லாட்ஜ் மாடிப்படி ஓரமாக நின்றேன். என் போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வாசல் வரை கூட்டம். அக்கா திரையைப் பார்த்தார், தட்டினார், சாவியை நீட்டினார். "அடுத்தவங்க வாங்க." மறுபடி தட்டினார். யாரும் கத்தவில்லை. வரிசை மெல்லக் கரைந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நெட்டு போயி ரொம்ப நேரமாச்சு."

அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "அப்டியா? எப்போ போச்சு?"

அப்பாடா! நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.