மேசைக் கால்களை அறுத்த கஸ்தூரி அக்கா

ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு அம்மா வந்து, ஆவடியிலிருந்து எனக்குப் போன் என்றார். ஓடிப்போய் எடுத்தேன். கஸ்தூரி அக்காவின் கணவர் ஏழுமலை அண்ணன் பேசினார். "உங்க அக்கா பூட்டாம்மா. விடியக்காலீல. ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லிடு." சிறுநீரகம் கெட்டு அக்கா படுத்திருந்தது நமக்கெல்லாம் தெரியும். ஆனாலும் ரிசீவரைக் கீழே வைக்கத் தெரியாமல் அப்படியே நின்றேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு மாடியில் இருந்தது நம் டேட்டா என்ட்ரி ஆபீஸ். பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய மேசைகள் தெரியாது. எங்களுக்கு முன் அங்கிருந்த கம்பெனி, ஆட்கள் நின்றுகொண்டு பெட்டி கட்டுவதற்காகச் செய்த மேசைகள் அவை. கம்ப்யூட்டர்களை அவற்றின் மேல்தான் வைத்தார்கள். உட்கார்ந்தால் கீபோர்டு நெஞ்சுக்கு நேரே இருக்கும். தோளைத் தூக்கி, மணிக்கட்டை மடக்கி, நாள் முழுக்க அடிப்போம்.

வலியைவிட, வலிப்பது தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. கை வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன சரளாவை, "ரெஸ்ட் எடும்மா" என்று அனுப்பிய மேனேஜர் மறுபடி கூப்பிடவே இல்லை. அதற்குப் பிறகு எல்லாரும் பாத்ரூமில் போய்த்தான் தைலம் தடவினோம். தடவிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுவோம்.

ஒருநாள் என் மகனுக்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. விரல்கள் என்னுடையவை போலவே இல்லை. வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். அன்று ஆபீஸில் மேசைக்கடியில் கையை உதறிக்கொண்டிருந்தபோது, ஷிப்ட் இன்சார்ஜாக இருந்த கஸ்தூரி அக்கா பின்னால் வந்து நின்றார்.

"இன்னாம்மா, கைய உதறிக்கினே கீற?"

"ஒண்ணும் இல்லக்கா."

"பொய் சொல்லாத. ரூம் முச்சூடும் தைல வாசனை அடிக்குது. எனுக்கு மூக்கு இல்லன்னு நெனச்சுகினு கீறீங்களா?"

அவரே என்னை மண்ணூர்பேட்டையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் மருந்து எழுதும் முன், நான் எப்படி உட்கார்ந்து டைப் அடிக்கிறேன் என்று செய்துகாட்டச் சொன்னார். "இப்படியே போனா நரம்பு நசுங்கிடும்மா. டேபிளை இறக்கச் சொல்லுங்க" என்றார்.

அக்கா மேனேஜரிடம் கேட்டார். மறுபடியும் கேட்டார். "டேபிள் பில்டிங்காரரோடது. அதுல ஒரு ஆணி அடிக்கக்கூட நமக்கு உரிமை இல்ல. முடியாதவங்க வேலையை விட்டு நின்னுக்கட்டும், ஆளா கிடைக்காது?" என்று அவர் முடித்துவிட்டார். வெளியே வந்த அக்கா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "மேசைக்குன்னு அளவு எடுத்து ஆளைப் பெத்துப் போட முடியுமா?"

திங்கட்கிழமை போனபோது, வரிசையில் என் மேசை மட்டும் தாழ்ந்து கிடந்தது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும், அக்காவும் ஏழுமலை அண்ணனும் ரம்பம் கொண்டுவந்து அதன் கால்களை அறுத்திருக்கிறார்கள்.

"அக்கா, என் வேலை போயிடும்க்கா."

"நீ இன்னா பண்ண? அறுத்தது நானு. கேட்டா எம் பேரைச் சொல்லு. உக்காரு."

உட்கார்ந்தேன். முழங்கை உடம்போடு ஒட்டி நின்றது. தோள் தானாக இறங்கியது.

மேனேஜர் போட்ட சத்தம் மாடிப்படி வரை கேட்டது. அக்கா, "நான்தான் சார் அறுத்தேன்" என்று மட்டும் சொன்னார். அன்றே அவரிடமிருந்து இன்சார்ஜ் வேலையைப் பிடுங்கி, எனக்கு அடுத்திருந்த உயரமான மேசையில் டைப் அடிக்க உட்காரவைத்தார்கள். இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன். "மொதல்ல உன் கை சரியாவட்டும்" என்றார். ஒவ்வொரு நாளும், இன்றைக்கு யாரை அனுப்பப் போகிறார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டு வேலை செய்தோம்.

பிறகு ஒருநாள் கட்டட உரிமையாளர் கூரை ஒழுகுவதைப் பார்க்க மாடிக்கு வந்தார். மேனேஜர் வெலவெலத்துப் போய் அவர் பின்னாலேயே நடந்தார். அவரோ குட்டை மேசையைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் விறகுக்குப் போக வேண்டியது சார். அறுங்க, எரிங்க, எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வாரமே எல்லா மேசைகளுக்கும் கால் குறைந்தது. கண்கூசாமல் இருக்க, கம்ப்யூட்டர் திரைகளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பி வைக்கச் செய்ததும் அக்காதான். ஆனால் இன்சார்ஜ் வேலையை அவருக்குத் திருப்பித் தரவே இல்லை.

சாவு வீட்டில் நாம் எல்லாரும் அவருடைய தைரியத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கேட்டுக்கொண்டிருந்த ஏழுமலை அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"தைரியமா? மேசைய அறுத்தமே, அந்தத் திங்கக்கெழம ஆவடி ஸ்டேசன்ல உக்காந்துகினு அழுதாம்மா. வேல போச்சுன்னா புள்ளைங்கள எப்டி படிக்கவெக்கிறதுன்னு ஒரே பொலம்பல். வர்ற வண்டியெல்லாம் உட்டுட்டா. ஊட்டுக்குப் போலாம் வான்னேன். 'நான் போலன்னா அந்தப் பொண்ணு தனியா மாட்டிக்கும்'னு சொல்லிட்டு, மூஞ்சத் தொடச்சிகினு ஏறிட்டா."

எனக்கு அது தெரியவே தெரியாது. அன்று நான் உள்ளே நுழைந்தபோது, என்னைவிட அதிகம் பயந்துபோன ஒருவர்தான் என்னை உட்காரச் சொல்லியிருக்கிறார்.

என் கை குணமாகிவிட்டது. மகனின் சட்டைக்கு நானே பொத்தான் தைக்கிறேன். அதற்கும் மேலாக அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, ஸ்டேஷனில் அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் வண்டி ஏறிய அந்தக் காலையைத்தான்.